கனகமணி எண்டர்பிரைசஸின் விமானம்

ஸ்பார்க் பிளக்கை எபனேசர் கழற்றியபோது எழுந்த சத்தம் கனகமணிக்குக் காதில் கேட்கவில்லை, கடைவாய்ப் பல்லில் கேட்டது. மெதுவாங், மெதுவா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னால் பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியருக்கே பாடம் எடுக்கிறாள் பார் இந்தப் பொம்பளை என்று ஆகிவிடும். ஆகட்டுமே, யாருக்கு என்ன, அவளுடைய விமானம், அவளுடைய பல். ஆனாலும் சொல்லவில்லை. மகன் தரணீஷ் கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், அவன் போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போட்ட இடம் கொட்டகையின் மூலை. இன்ஜினிலிருந்து தள்ளி, இறக்கையிலிருந்து தள்ளி, கல்யாண மண்டபத்தில் புருஷனை இழந்தவர்களை மரியாதையாகக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு மரியாதை. உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவே யாரோ ஒரு மில்காரர் அந்தக் காலத்தில் போட்டு வைத்த ஓடுதளம் இது. பக்கத்தில் தகரக் கொட்டகை, சுற்றிலும் தென்னை, தென்னைக்கு மேலே காற்றாலைகள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. தரணீஷ் வாசலில் ஃபோனும் காதுமாக நடந்துகொண்டிருந்தான். எபனேசர் சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு இன்ஜின் இன்ன நிலைமை, விமானம் இன்ன விலை போகும் என்பார். சொன்னதும் வடக்கே எங்கோ ஒரு பறக்கும் பள்ளிக்காரன் பணத்தைப் போட்டு விமானத்தைக் கொண்டுபோய்விடுவான். இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் கனகமணியின் பயம். வேடிக்கைதான். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா, அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அதே நேரம், சரியில்லை என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம் என்று வயிற்றில் ஒரு கோபமும் எரிந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் எப்படி இருக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை.

தேய்மானம். காலையில் காரில் வரும்போது தரணீஷ் பத்துத் தரமாவது சொல்லியிருப்பான். தேய்மானம் ஆவுதும்மா, வருஷா வருஷம் தேய்மானம் ஆவுது, சும்மா நிக்கற பொருளுக்கு வாடகை கட்டி இன்சூரன்ஸ் கட்டி யாருக்கு என்ன லாபம். என்னமோ அந்தச் சொல்லை இவன்தான் கண்டுபிடித்த மாதிரி. இவன் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அந்தச் சொல் அவர்கள் வீட்டுச் சோற்றில் விழுந்துவிட்டது. குழந்தைவேலு, அவள் வீட்டுக்காரர், பம்ப்செட் பட்டறை வைத்து மேலே வந்த மனுஷன், ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கனகு, ப்ளேன் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறன்." அவள் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுவிட்டு, "மோருக்கு உப்புப் போதுமாங்" என்றாள். கிண்டல் இல்லை, காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை. ஆடிட்டர் சொல்லிக் கொடுத்தாராம். மற்ற எதை வாங்கினாலும் வருஷத்துக்குக் கொஞ்சம்தான் தேய்மானம் காட்டலாம், விமானம் வாங்கினால் நூற்றுக்கு நாற்பது காட்டலாம், வரி அப்படியே மிச்சம். மற்றவர்கள் விலை ஏறும் என்று நிலம் வாங்குவார்கள், நகை வாங்குவார்கள். விலை இறங்கும் என்பதற்காகவே ஒரு பொருளை வாங்கியவர் கொங்கு நாட்டிலேயே இவர் ஒருவர்தான் இருப்பார். அதுவும் யார் பெயரில்? கனகமணி எண்டர்பிரைசஸ். அவர் பெயரில் வருமானம் கூடிப்போனால் அவள் பெயரில் ஒரு கம்பெனி, கம்பெனி பெயரில் ஒரு கிடங்கு, அவள் பெயரில் இன்னொரு மனை, பட்டறை நிற்கிற நிலம். ஊரில் எந்தத் தொழில்காரன் வீட்டிலும் பெண்டாட்டிதான் முதலாளி, காகிதத்தில். ஆடிட்டர் ஆபீஸ் பையன் கட்டுக் கட்டாகக் காகிதம் கொண்டுவருவான், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து குறி கண்ட இடமெல்லாம் போட்டுவிட்டுப் போவாள். பொங்குவதற்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு அந்தக் கம்பெனியோடு உறவு. கல்லூரியில் கணக்குப் படித்தவள். ஒரே ஒரு நாள், ஆடிட்டரே வந்திருந்தபோது, பேனாவை மூடாமல் கேட்டாள், வருஷா வருஷம் நாற்பது கழிச்சா மூணாம் வருஷமே கணக்கு மைனஸ்ல போயிருமேங், என்று. ஆடிட்டர் சிரித்துவிட்டு, மீதி இருக்கறதுலதான் நாற்பதும்மா, ஒவ்வொரு வருஷமும் மிச்சத்துலதான், என்றார். அப்படியானால் அது எந்தக் காலத்திலும் சைபர் ஆகாது. கழித்துக்கொண்டே போகலாம், கழிக்கிறவன் கிழவனாகிச் செத்தும் போகலாம், மிச்சம் என்று ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அன்று அது அவளுக்கு வெறும் கணக்காகத்தான் பட்டது. இன்றைக்குக் கணக்குப் புத்தகத்தில் விமானத்தின் விலை ஒரு ஸ்கூட்டர் விலை. ஆனால் வெளியே சந்தையில் அதற்கு ஒரு வீட்டு விலை தருகிறேன் என்கிறான் வடக்கத்தியான். புத்தகத்துக்கும் வானத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதைத் தரணீஷுக்கு யார் சொல்வது. எபனேசர் அடுத்த பிளக்குக்குப் போயிருந்தார். நல்லவேளை, அது சத்தம் போடாமல் வந்தது.

வாங்கியவருக்குப் பறக்க வரவில்லை. பாவம், மனுஷன் எவ்வளவோ பார்த்தார். பயிற்சி கொடுத்தவர் கூடவே ஏறுவார், தரையை விட்டுக் கிளம்பி ஐந்து நிமிஷம் ஆகாது, குழந்தைவேலுவுக்குக் குமட்டும். கையில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்து பார்த்தார், பழனிக்கு வேண்டிக்கொண்டு பார்த்தார், முந்தின நாள் ராத்திரியே சாப்பிடாமல் பட்டினி கிடந்தும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் வேட்டியெல்லாம் நாசமாகி இறங்கியவர், கொட்டகையில் டிஃபன் கேரியரோடு நின்றிருந்த அவளைப் பார்த்து எரிச்சலில் சொன்னார்: "கம்பெனி உன்ற பேர்லதான இருக்குது, நீயே போய் ஓட்டு போ." எரிச்சலில் சொன்ன பேச்சு. அவர் மறந்துவிட்டார். அவள் மறுநாள் காலை தலைக்குக் குளித்து, சேலையை விட்டுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நாற்பத்து நாலு வயசில். ஊர் வாய்விட்டுச் சிரித்தது. நாத்தனார், ரசம் தாளிக்கற கை அங்க போய் எதைப் புடிக்கும், என்றாள். எதைப் பிடித்ததோ, கை பிடித்துக்கொண்டது. முதல் தடவை அவளே தனியாக எழுப்பிக்கொண்டு போன நாள் இருக்கிறதே, வேண்டாம், அதை இப்போது நினைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், தரணீஷ் பார்த்தால் அம்மா அழுகிறாள், இதற்குத்தான் சொன்னேன் என்பான். நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. பக்கத்து இருக்கை காலி என்பதால் விமானம் எடை குறைந்து விருட்டென்று எழும்பிவிட்டது, அவள் பயந்து, அடேய் நில்லுடா, என்று அதைத் திட்டினாள். அன்றிலிருந்து அது அவளுக்கு அவன். கீழே காற்றாலைகள் உச்சந்தலையைக் காட்டிச் சுற்றின. திருமூர்த்தி மலைப் பக்கம் அணை ஒரு தட்டுத் தண்ணீராகக் கிடந்தது. யாரும் கூப்பிட முடியாது. அதுதான் விஷயம். அடுப்பு, பால், கூரியர்காரன், மாமியாரின் மாத்திரை, யாரும் கூப்பிட முடியாத ஓர் இடத்தில் அவள் இருந்தாள், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. கீழே இறங்கி வந்தபோது குழந்தைவேலு கொட்டகை நிழலில் எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றிருந்தார். தரையில் நின்றுகொண்டே அவருக்குக் குமட்டியிருக்கிறது. அப்புறம் சிரித்தார். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வந்தார், தூத்துக்குடிக்கு, பெங்களூருக்கு, ஒரு தரம் புட்டபர்த்திக்கு. ஊர் அப்போதும் அதை அவரோட ப்ளேன் என்றுதான் சொல்லிற்று. தரணீஷும் அப்பாவோட ப்ளேன் என்றுதான் சொல்கிறான். அப்பா அதில் செய்த ஒரே வேலை வாந்தி எடுத்தது.

அவர் போனது விமானத்தில் இல்லை. பட்டறையில், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது. ஆனால் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் தரணீஷ் முதலில் வந்து சொன்னது அதைத்தான்: "அம்மா, இனிமே அதுல ஏற வேண்டாம். உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் அனாதைம்மா." பிள்ளை அழுதுகொண்டே கேட்டால் என்ன செய்வது. சரி சாமி என்றாள். அந்தச் சரி, அதைத்தான் இப்போது திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறாள், சேலையில் மாட்டிய முள்ளை விரல் தேடுகிற மாதிரி. ஏன் சரி என்றாய்? பிள்ளைப் பாசமா? அது பாதி. மீதிப் பாதி பயம். அந்த வாரம் அவளுக்கே தன் கைமேல் நம்பிக்கை போயிருந்தது. அப்புறம் நம்பிக்கை திரும்பி வந்தபோது மெடிக்கல் சர்டிஃபிகேட் காலாவதி ஆகியிருந்தது, காது டாக்டர் கண் டாக்டர் என்று மறுபடி போக வேண்டும், போனால் எதையாவது கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடிக்காமல் இருக்கும்வரை ஒன்றும் இல்லை. இப்படியே போயிற்று. பறக்கத்தான் வேண்டாம், வண்டியைக் கெட்டுப் போக விடக் கூடாது அல்லவா. அதற்கு வழி சொன்னவனும் தரணீஷ்தான். பட்டறையில் ஒரு பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது, கரண்ட் போனாலும் போகாவிட்டாலும் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவார்கள், அப்பா காலத்துப் பழக்கம். அதே மாதிரி இதையும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஓடவிடும்மா, இன்ஜின் சும்மா கிண்ணுன்னு இருக்கும், என்றான். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பராமரிக்க வருகிற ஆள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து காகிதத்தில் குறித்துவிட்டுப் போகிறவர், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமை விடவில்லை. விமானத்தின் மூக்கில் பொட்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இறக்கையைக் கயிற்றில் கட்டி, இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வாள். காற்றாடி சுற்றும், கண்ணாடி அதிரும், நீல நிறப் பெட்ரோலின் வாசனை வரும், கட்டிப் போட்டிருக்கிற அவன் கயிற்றை இழுப்பான். போலாமா, போலாமா என்று. இல்லடா, பத்து நிமிஷந்தான், என்பாள். நிறுத்தினதும் இறங்கி வந்து வண்டியைத் துடைப்பாள், மெழுகு போடுவாள். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் காரில் ஒவ்வொரு தடவையும் கொட்டகை மறைகிறவரை திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். இப்போது யோசித்தால் எல்லாமே அநியாயமாக இருந்தது. அவள் மெழுகு போட்டுப் பளபளப்பாக்கியதெல்லாம் வடக்கத்தியான் பார்த்து விலை கூட்டத்தானா? அவள் நன்றாக வைத்துக்கொண்டதனாலேயே அது கைவிட்டுப் போகப் போகிறதா? வைத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் மட்டும்? குருவி கூடு கட்டியிருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவளோடவே இருந்திருக்கும். சீ, இது என்ன யோசனை. தன்னிடமே இருக்க வேண்டும் என்பதற்காகக் கெட்டுப்போக விடுவது, அதைத்தானே தரணீஷ் அவளுக்குச் செய்துகொண்டிருக்கிறான். நினைத்த மாத்திரத்தில் அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. தன்னையும் விமானத்தையும் சேர்த்து வைத்து உருகுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அதைச் செய்துகொள்ளட்டும். அவன் இரும்பு, அலுமினியம். அவளுக்குக் கொஞ்சம் பிரஷர், ஒரு கண்ணில் புரை தொடங்கியிருக்கலாம். இதையெல்லாம் அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நினைத்தாள், நினைத்து முடித்தபோது நாற்காலி கொட்டகையின் நடுவில் இருந்தது. எப்போது எழுந்தாள், எப்போது இழுத்து வந்தாள் என்று தெரியவில்லை. எபனேசர் திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்க," என்றார். சொந்த ஊர் நாகர்கோவில், முகத்தில் எதையும் காட்டாத ஆள், ஆனால் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. தரணீஷும் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். சின்னத் திரை. சிலிண்டரின் உள்சுவர் பளபளவென்று இருக்க வேண்டிய இடம், அங்கே செம்பழுப்பாகப் புள்ளி புள்ளியாக, திட்டுத் திட்டாகத் துரு. அடுத்த சிலிண்டர், அதிலும். நாலிலும். "இத யாராவது பறக்காம தரையில மட்டும் ஓட்டிட்டு வந்தாங்களா?" என்று கேட்டார் எபனேசர். தரணீஷ் பெருமையாகவே சொன்னான்: "ஆமா சார், ஒரு வாரம் விடல. ஜெனரேட்டர் மாதிரி, வெள்ளிக்கிழமை தவறாம பத்து நிமிஷம்." எபனேசர் கையுறையைக் கழற்றினார். "ஓட்டாம எண்ணெய் ஊத்தி மூடி வெச்சிருந்தாகூட தப்பிச்சிருக்கும் சார். தரையில பத்து நிமிஷம் ஓட்டினா இன்ஜின் முழுசா சூடாகாது. உள்ள சேர்ற ஈரம் ஆவியா வெளிய போகாது, எண்ணெயோட அங்கேயே தங்கிரும். மேல போய் நல்லா சூடாகி வந்தாதான் அது காயும். ஒவ்வொரு வாரமும் நீங்க உள்ள தண்ணி விட்டிருக்கீங்க. பறந்துக்கிட்டு இருந்த வரைக்கும் இந்த இன்ஜினுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. பறக்கறது இதத் தேய்க்கல, நிறுத்தி வெச்சதுதான் தின்னுருக்கு." கொட்டகையில் ஆடிக் காற்று தகரத்தைப் படபடவென்று அடித்தது. கனகமணி முதலில் வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தாள். பொட்டு வைத்து, வாசனை பிடித்து, ஆசை ஆசையாக, ஒவ்வொரு வாரமும் அவளே. அப்புறம் என்னவோ ஆயிற்று, சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. போலாமா போலாமா என்று அவன் கயிற்றை இழுத்தானே, அதுதான் மருந்து என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் இருந்த இரண்டு மனுஷர்களுக்குத்தான் தெரியவில்லை. "எதுக்கும்மா சிரிக்கற?" என்று தரணீஷ் கடுப்பானான். எபனேசரிடம் திரும்பி, இப்ப என்ன விலை போகும் என்று கேட்டான். இன்ஜினை இறக்கி முழுசாகப் புதுப்பித்தால்தான் பறக்கும், அந்தச் செலவும் இன்றைய நிலைமையில் விமானத்தின் விலையும் கிட்டத்தட்ட ஒன்று, வாங்க வந்தவர் பின்வாங்கிவிடுவார், பிரித்துப் பார்ட் பார்ட்டாக விற்கலாம், ரேடியோவுக்கு ஆள் இருக்கிறது, இறக்கைக்கு ஆள் இருக்கிறது, என்றார் எபனேசர். "அப்ப பிரிச்சே குடுத்திரலாம் சார்," என்றான் தரணீஷ், பழைய கட்டடத்தை இடிக்கச் சொல்கிற அதே குரலில். காரிலிருந்து ஃபைலை எடுத்து வந்து இறக்கையின் மேல் விரித்தான். விற்பனைக் காகிதங்கள். கனகமணி எண்டர்பிரைசஸ், உரிமையாளர். கையெழுத்துப் போடுகிற இடத்திலெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி. "போடும்மா, வெய்யிலுக்கு முன்னாடி கிளம்பலாம்."

குறியைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அதைப் பார்த்த மாத்திரத்தில் கை தானாகப் போய்விடும். இப்போதும் போயிற்று, பேனாவைத் திறந்தேவிட்டது. பால் பொங்குவதற்குள் என்று மனசு ஓடியது. எந்தப் பால்? அடுப்பும் இல்லை, பாலும் இல்லை, எதிரே நாலு சிலிண்டரும் திறந்து கிடக்க அவன் நிற்கிறான், எதுவும் பொங்கவில்லை. பேனாவை மூடினாள். "எபனேசர் தம்பி, இன்ஜினை இறக்கிப் புதுப்பிச்சா பழையபடி போவானா?" என்று கேட்டாள். "அதெல்லாம் அருமையா போகும் மேடம். ஆனா போட்ட காசு விக்கும்போது திரும்ப வராது. உண்மையச் சொல்லணும்ல." "விக்கறவங்களுக்குத்தான அந்தக் கணக்கு," என்றாள் கனகமணி. "இங்க யாரு விக்கறாங்க? நாளைக்கே ஆள் விட்டு இறக்குங்க." தரணீஷ் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, உனக்குப் பைத்தியமா? அப்பாவோட ப்ளேன் மேல பாசம் இருக்கலாம், அதுக்குன்னு? இதுக்குக் காசு யாரு தருவா?" பாவம், பயந்த பிள்ளை, அனாதையாகிவிடுவேன் என்று அழுத அதே பிள்ளை. அவன் கன்னத்தைத் தொட வேண்டும் போல இருந்தது, தொட்டாள். ஆனால் குரல் இறங்கவில்லை. "உங்கொப்பனோடது இல்ல கண்ணு, என்னோடது. அவரு வரிக்குப் பயந்து என்ற பேர்ல எழுதினாரு, நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன், ரெண்டு பேர் மேலயும் தப்பு. அந்தக் கிடங்கு, பீளமேட்டு மனை, நீ உட்கார்ந்துட்டு இருக்கற பட்டறை நெலம், எதெது என்ற பேர்ல இருக்குதுன்னு ஆடிட்டர்கிட்ட ஒருக்கா கேட்டுட்டு வா. கேட்டுட்டு வந்து அப்புறம் காசு யாரு தருவான்னு என்கிட்டக் கேளு." தரணீஷ் இறக்கைமேல் விரித்த காகிதங்களை அள்ளி ஃபைலுக்குள் வைத்தான். எபனேசர் தலையைக் குனிந்து, கழற்றிய பிளக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைக்க ஆரம்பித்தார். அவள் மனதில் பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, டாக்டர் காதில் என்ன கேட்பார், கண்ணில் என்ன வெளிச்சம் அடிப்பார், கை மறந்திருக்குமா, எல்லாம் அங்கேயே இருந்தது. இருக்கட்டும். ஃபோனை எடுத்து, கோயம்புத்தூரில் விமானிகளுக்குச் சர்டிஃபிகேட் கொடுக்கிற டாக்டரின் நம்பரைத் தேடினாள். அவர் பெயர் இன்னும் அழியாமல் இருந்தது. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே காதிலிருந்து ஃபோனைக் கொஞ்சம் விலக்கி மகனிடம் சொன்னாள்: "இன்னொண்ணு சாமி. இனிமே வெள்ளிக்கிழமை பூஜை ஜெனரேட்டருக்கு மட்டும். இவன நான் ஸ்டார்ட் பண்ணினா, தரையில நிக்க மாட்டேன்." மறுமுனையில் யாரோ எடுத்து ஹலோ என்றார்கள். கனகமணி தன் பெயரைச் சொன்னாள், எண்டர்பிரைசஸ் இல்லாமல்.